தவளைக் காலில் மின்சாரம் கண்ட கால்வானி

இத்தாலி நாட்டின் பொலோனா நகரத்தில் உலகின் மிகப் பழைய சர்வகலாசாலைகளில் ஒன்று இருக்கிறது. அந்த நகரில் 1737-ஆம் வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி பிறந்தார் லூயிஜி கால்வானி. இளமையில் துறவு பூணும் ஆசை அவருக்கு இருந்தது. ஆனால் வைத்தியம் படித்து, பிறந்த ஊரிலேயே உடற்கூறு போதிக்கும் ஆசிரியரானார். அவர் மணந்த லூசியா, பேராசிரியர் ஒருவரின் மகள். கணவரின் ஆராய்ச்சிகளுக்கு அந்த அம்மையார் உற்ற துணையாக விளங்கினார்.

கையைத் தூக்க நினைத்தவுடன் கை உயர்கிறது. மூளையின் கட்டளை தசைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? நரம்புகளின் உள்ளே சூட்சுமமான ஆவி ஒன்று ஓடுகிறது என்றே வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பி வந்தார்கள்.

துடித்தது கால்!

1780-ஆம் வருஷத்தை ஒட்டி ஓர் அதிசயம் நிகழ்ந்தது. கால்வானியின் மேஜைமீது தோல் உரித்த தவளைக் கால்கள் கிடந்தன. சற்றுத் தள்ளி மின்சாரம் உண்டாக்கும் யந்திரம் இருந்தது. உதவியாளர் ஒருவர் கத்தி முனையால் தவளையின் நரம்பைத் தொட்டார். அதே கணத்தில் யந்திரத்தில் பொறி பறந்தது. செத்த தவளையின் கால் வெடுக்கென்று உதறிக்கொண்டது!

கால்வானி விடவில்லை. இடி மின்னலின்போது சோதித்தார், கால் துடித்தது. 1786-ல் பித்தளைக் கொக்கிகளில் மாட்டிய கால்களை இரும்புக் கம்பி வேலியில் தொங்கவிட்டார். வானம் தெளிவாக இருந்தபோதும் அவை துடித்தன. பிராணிகளின் உடலிலேயே மின்சாரம் இருக்கிறது என்று முடிவு கட்டி, 1791-ல் லத்தீன் மொழியில் நூல் வெளியிட்டார். அதைக் காண லூசியா உயிரோடு இல்லை.

இரு மேதைகளின் வழக்கு

பேவியா நகரப் பேராசிரியர் வோல்ட்டா முதலில் பாராட்டினார்; பிறகு மறுத்தார். மின்சாரம் தவளையிலிருந்து வரவில்லை, பித்தளையும் இரும்பும் சேர்வதால் பிறக்கிறது என்பது அவர் கட்சி. கால்வானியோ உலோகமே இல்லாமல் நரம்பும் தசையும் ஒன்றையொன்று தொடும்படி செய்து, 1794-ல் காலைத் துடிக்க வைத்துக் காட்டினார். ஆயினும் உலகத்தின் கண் வோல்ட்டாவின் பக்கமே திரும்பியது. அவர் 1800-ல் அறிவித்த மின்கலம் எல்லோரையும் மயக்கிவிட்டது.

அந்த வெற்றியைக் காணக் கால்வானி இல்லை. நெப்போலியன் வட இத்தாலியில் நிறுவிய குடியரசுக்கு ஆசிரியர்கள் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தெய்வ பக்தி மிகுந்த கால்வானியின் மனச்சாட்சி அதற்கு இடம் தரவில்லை. 1798-ல் பதவியும் சம்பளமும் பறிபோயின. பின்னர் அரசு மனமிரங்க முன்வந்தது. ஆனால் அந்தச் சலுகை பயன்படுமுன், அதே வருஷம் டிசம்பர் 4-ஆம் தேதி, தமது 61-ஆம் வயதில் அவர் கண்ணை மூடினார்.

காலம் தந்த தீர்ப்பு

வழக்கு அதோடு முடியவில்லை. நரம்புச் செய்தியின் வேகத்தை ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல் அளந்தார். தவளை நரம்பில் அது விநாடிக்குச் சுமார் 27 மீட்டர்தான்! கம்பியில் ஓடும் மின்சாரம் இத்தனை மெதுவாகப் போகாதே?

விடை 1952-ல் கிடைத்தது. இங்கிலாந்தின் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாய் மீனின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்தார்கள். இழையின் மெல்லிய சவ்வுக்கு உட்புறம் எதிர்மின் தன்மையோடு இருக்கிறது. செய்தி வந்ததும் சவ்வின் வாயில்கள் திறக்கின்றன. சோடியம் அயனிகள் உள்ளே பாய, மின்னிலை தலைகீழாகிறது. பிறகு பொட்டாசியம் அயனிகள் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. ஒரு துண்டில் நடந்தது அடுத்த துண்டைத் தூண்டுகிறது. பட்டாசுச் சரத்தில் ஒரு வெடி அடுத்த வெடியைக் கொளுத்துவது போலத்தான். ஆனால் வெடித்த சரம் குப்பையாகிவிடும்; நரம்போ விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்திலேயே மறுபடியும் தயாராகிவிடும். இக்கண்டுபிடிப்புக்கு 1963-ல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆக, இரு உலோகங்கள் சேர்ந்தால் மின்சாரம் பிறக்கும் என்ற வோல்ட்டாவின் கூற்றும் மெய். உடலுக்குள்ளேயே மின்சாரம் உண்டு என்ற கால்வானியின் கூற்றும் மெய். இதயத்தின் மின்துடிப்பை டாக்டர்கள் காகிதத்தில் பதிவு செய்து நோய் அறிகிறார்களே, அந்த வித்தையின் தொடக்கம் பதவியிழந்து மறைந்த அந்தப் பொலோனா ஆசிரியரின் மேஜையில்தான் இருக்கிறது.