ஆம்ஸ்ட்ராங்கும் வெற்றிடக் குழலும்

ஆம்ஸ்ட்ராங் என்ற பெயரைக் கேட்டவுடன் நிலவில் கால் பதித்த வீரரே பலருடைய நினைவுக்கு வருவார். வானொலியின் வரலாற்றிலோ அப்பெயர் வேறொருவரைக் குறிக்கும். அவர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கப் பொறியாளர். இன்று பண்பலை என்றும் எஃப்.எம். என்றும் வழங்கும் வானொலி முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தவர் அவரே. கைக்குள் அடங்கும் ஒரு கண்ணாடிக் குழலின் உள்ளே என்ன நிகழ்கிறது என்னும் வினாவே அவருடைய வாழ்வின் போக்கை வகுத்தது.

ஆம்ஸ்ட்ராங் 1890 டிசம்பர் 18ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை நூல் வெளியீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். தாய் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். சிறு வயதில் வந்த கடுமையான காய்ச்சலால் அவருடைய தோளிலும் கழுத்திலும் ஒரு துடிப்பு நிலைத்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே கல்வி பயின்றார். பின்னர்க் குடும்பம் ஹட்சன் ஆற்றைப் பார்த்தவாறு அமைந்த யாங்கர்ஸ் என்னும் ஊரில் குடியேறியது. அவ்வீட்டின் மேல்மாடத்து அறை சிறுவனின் ஆய்வுக்கூடம் ஆயிற்று. மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியைப் பற்றிப் படித்த அவர், பதினான்கு வயதிலேயே தாமும் ஒரு கண்டுபிடிப்பாளராக வேண்டும் என்று உறுதி கொண்டார். தொலைதூர ஒலிகளைக் கேட்பதற்காக 125 அடி உயரக் கம்பம் ஒன்றை வீட்டுத் தோட்டத்தில் தாமே நிறுவினார். உயரம் கண்டு அஞ்சாத அந்த இயல்பு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

அக்காலத்தில் வானொலிக் குறிகள் மிக நலிந்த ஒலியாகவே வந்தன. காதுகளில் கேட்பியை அழுத்திப் பொருத்திக்கொண்டு, மூச்சையும் அடக்கிக் கேட்டால்தான் தெரியும். அவ்வொலியைப் பெருக்குவதற்கு வழி வேண்டும். லீ டி ஃபாரஸ்ட் என்பவர் 1906இல் ஆடியான் என்னும் குழலை உருவாக்கியிருந்தார். அது பார்வைக்கு ஒரு மின்விளக்குப் போன்றது. அதனுள்ளே சூடேறி ஒளிரும் மின்னிழை ஒன்றும், அதற்கு எதிரே உலோகத் தகடு ஒன்றும், இவ்விரண்டுக்கும் நடுவே வளைத்த கம்பியாலான வலை ஒன்றும் உண்டு. சூடேறிய இழையிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்பட்டுத் தகட்டை நோக்கிப் பாயும். நடுவிலுள்ள வலை, ஏரி மதகின் பலகையைப் போன்றது. மதகுப் பலகையைச் சிறிதளவு அசைத்தாலும் வாய்க்காலில் ஓடும் நீர் பெருமளவு கூடிக் குறையும் அன்றோ? அவ்வாறே வலைக்கு வரும் சிறு மின்னழுத்தம், தகட்டுக்குப் பாயும் பெரும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆளும்.

இன்று எளிதாகத் தோன்றும் இவ்விளக்கம் அன்று தெளிவாக அறியப்படவில்லை. குழலுக்குள் எஞ்சி நின்ற வாயுவே அதன் இயக்கத்திற்கு இன்றியமையாதது என்று டி ஃபாரஸ்ட் கருதினார். குழல்களும் ஒன்றுபோல ஒன்று இயங்கவில்லை. ஒன்று நன்றாகப் பாடும், அடுத்தது உறங்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் மாணவராயிருந்த ஆம்ஸ்ட்ராங், பிறர் கூறிய காரணங்களை அப்படியே ஏற்காமல், குழலின் ஒவ்வோர் உறுப்பிலும் மின்னோட்டத்தை அளந்து பார்த்தார். பிறர் கவனியாத ஒன்றை அவர் கண்டார். தகட்டிலிருந்து வெளியேறும் மின்னோட்டத்திலும் வானொலி அலையின் விரைந்த அலைவு மறைந்திருந்தது. அந்த அலைவின் ஒரு பகுதியை மீண்டும் வலைக்கே திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? பெருக்கியது மீண்டும் பெருகும்; அதுவும் மீண்டும் பெருகும்.

1912ஆம் ஆண்டு ஓர் இரவில் அவர் அதைச் செய்து பார்த்தார். கேட்பியைக் காதில் வைக்காமல் மேசைமீது வைத்திருந்தபோதே தொலைதூரக் குறிகள் தெளிவாக ஒலித்தன. நள்ளிரவென்றும் பாராமல் அவர் உறங்கிக்கொண்டிருந்த தங்கையை எழுப்பித் தம் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டார். பின்னூட்டத்தை இன்னும் மிகுத்தபோது குழல் ஊளையிட்டது. பள்ளி விழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டுசென்றால் எழும் கூச்சல் போன்றது அது. பிறருக்கு அது வெறும் தொல்லை. ஆம்ஸ்ட்ராங்கோ, குழல் தானாகவே அலைகளைத் தோற்றுவிக்கத் தொடங்கிவிட்டது என்பதை உணர்ந்தார். எனவே ஒரே குழல் வானொலி அலைகளை ஏற்கவும் உதவும், அனுப்பவும் உதவும்.

இதற்குக் காப்புரிமை பெறத் தந்தையிடம் பணம் கேட்டார். முதலில் பட்டம் பெற வேண்டும் என்று கூறித் தந்தை மறுத்துவிட்டார். தாம் விரும்பி ஓட்டிய மோட்டார் சைக்கிளை விற்றும் பணம் போதவில்லை. ஆகவே 1913 ஜனவரி 31ஆம் நாள், தம் சுற்றமைப்பின் வரைபடத்தில் சான்றலுவலர் ஒருவரின் கையொப்பத்தையும் முத்திரையையும் மட்டும் பெற்று வைத்தார். விண்ணப்பம் அவ்வாண்டு அக்டோபரில்தான் சென்றது. அந்தச் சில மாதத் தாமதம் எத்துணை விலை கேட்கும் என்பதை அந்த இளைஞர் அறிந்திருக்க வழியில்லை.

டி ஃபாரஸ்ட் அக்கண்டுபிடிப்பைத் தமக்கே உரியதென்று வழக்குத் தொடுத்தார். 1912 ஆகஸ்டில் தம் ஆய்வுக்கூடத்தில் ஒரு குழல் ஊளையிட்டதைக் குறித்துவைத்த ஏடு அவரிடம் இருந்தது. ஊளையைக் கேட்பது வேறு, அது ஏன் எழுகிறது என்று அறிவது வேறு என்பதே ஆம்ஸ்ட்ராங்கின் வாதம். வழக்கு இருபது ஆண்டுகள் நீண்டது. 1934இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்டுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. ஆம்ஸ்ட்ராங் அவ்வாண்டு நடைபெற்ற வானொலிப் பொறியாளர் கழகத்தின் மாநாட்டிற்குச் சென்றார். இக்கண்டுபிடிப்புக்காகக் கழகம் தமக்கு முன்னர் வழங்கிய பதக்கத்தைத் திருப்பியளிக்க முன்வந்தார். கழகம் அதனைப் பெற மறுத்து, பதக்கம் அவருக்கே உரியதென மீண்டும் உறுதி செய்தது. கூடியிருந்த பொறியாளர்கள் எழுந்து நின்று கைதட்டினர். குழலோடு நாளும் பழகியவர்களுக்கு உண்மை எதுவென்பதில் ஐயம் எழவில்லை.

இவ்வழக்கு நடந்த காலத்திலும் அவருடைய கைகள் ஓய்ந்திருக்கவில்லை. முதல் உலகப்போரின்போது பிரான்சில் படைப்பணியில் இருந்த அவர், 1918இல் சூப்பர் ஹெட்ரோடைன் என்னும் ஏற்பி முறையை வகுத்தார். அம்முறையே பின்னர் உலகெங்கும் வானொலிப் பெட்டிகளில் இடம்பெற்றது. தம் கண்டுபிடிப்புகளின் உரிமைகளை ஆர்.சி.ஏ. முதலிய நிறுவனங்களுக்கு விற்றுப் பெருஞ்செல்வரானார். ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் செயலராகப் பணியாற்றிய மேரியன் என்பாரை 1923இல் மணந்தார். மணமகளுக்கு அவர் அளித்த பரிசு, கையில் எடுத்துச் செல்லக்கூடிய சூப்பர் ஹெட்ரோடைன் வானொலிப் பெட்டி ஒன்று!

ஆயினும் வானொலியில் இரைச்சல் தீரவில்லை. இடிமின்னல் தோன்றினால் பாட்டு நடுவே படபடவென்று ஒலி கேட்கும். அக்கால ஒலிபரப்பில் அலையின் வீச்சே ஒலிக்கேற்ப மாறியது. மின்னலும் வீச்சையே குலைத்தது. வீச்சை மாற்றாமல் அதிர்வெண்ணை மாற்றினால் இரைச்சல் நெருங்காது என்று ஆம்ஸ்ட்ராங் எண்ணினார். இதனால் பயனில்லை என்று கணிதம் வல்ல அறிஞர்கள் முன்னரே முடிவு கூறியிருந்தனர். அவர்கள் அதிர்வெண்ணைச் சிறிதளவே மாற்றுவதாகக் கொண்டு கணக்கிட்டனர். ஆம்ஸ்ட்ராங் அதனை மிக அகலமாக மாற்றிப் பார்த்தார். மேசைகள் நிறையக் குழல்களைப் பரப்பி, ஒன்றை எடுத்து மற்றொன்றைப் பொருத்தி, சுற்றைக் கலைத்து மீண்டும் அமைத்து, பல ஆண்டுகள் உழைத்தார். 1933 டிசம்பரில் காப்புரிமைகள் கிடைத்தன. மறு ஆண்டு எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து அனுப்பிய ஒலி, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில் தெளிவாகக் கேட்டது.

1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர்கள் முன்னிலையில் அதனை இயக்கிக் காட்டினார். யாங்கர்ஸில் ஒருவர் கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றினார். நியூயார்க் அரங்கில் நீர் விழும் ஒலியே கேட்டது. அங்கே தாளைக் கசக்கினார். இங்கே தாள் கசங்கிற்று. பழைய வானொலியில் இவ்வொலிகள் இரைச்சலோடு இரைச்சலாகக் கலந்திருக்கும். இசைக்கருவியின் மெல்லிய உயர்சுரங்களும் சிதையாமல் வந்தன. பழைய முறையில் நொடிக்கு 5000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் இழக்கப்பட்டது. புதிய முறை 15000 வரை ஏந்தி வந்தது.

தம் பணத்தைக்கொண்டே அவர் ஆல்பைன் என்னும் ஊரில் 400 அடிக்கும் மேற்பட்ட உயரமுள்ள கோபுரத்தை எழுப்பி ஒலிபரப்பைத் தொடங்கினார். எஃப்.எம். நிலையங்கள் பெருகின. ஆனால் 1945இல் அமெரிக்க அரசின் ஆணையம் எஃப்.எம்.மிற்கு ஒதுக்கிய அலைவரிசையை மாற்றி, 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைத் தந்தது. மக்கள் வாங்கியிருந்த இலட்சக்கணக்கான வானொலிப் பெட்டிகள் ஒரே ஆணையால் பயனற்றுப் போயின. பெரு நிறுவனங்களோடு காப்புரிமை பற்றிய வழக்குகளும் மூண்டன. ஆறு ஆண்டுகள் நீதிமன்றங்களில் அலைந்ததில் செல்வம் கரைந்தது, உள்ளம் சோர்ந்தது. 1954இன் தொடக்கத்தில், தம் 63ஆம் வயதில் ஆம்ஸ்ட்ராங் காலமானார்.

மேரியன் வழக்குகளைக் கைவிடவில்லை. கணவர் மறைந்த ஆண்டிலேயே ஆர்.சி.ஏ. நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. எஞ்சிய நிறுவனங்களையும் ஒவ்வொன்றாக எதிர்கொண்டு, 1967இல் இறுதி வழக்கிலும் அவர் வென்றார்.

ஆல்பைன் கோபுரம் இன்றும் நிற்கிறது. 2001இல் உலக வணிக மையக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டபோது, அவற்றின் உச்சியிலிருந்து ஒளிபரப்பிய தொலைக்காட்சி நிலையங்கள் சில இக்கோபுரத்தில் இடம் பெற்றன. இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதன்முதலாகத் தொடங்கிய நகரம் சென்னை. அந்நாள் 1977 ஜூலை 23. இன்று தில்லியிலும் மும்பையிலும் உள்ள வானொலிப் பெட்டிகளின் முகப்பில் காணப்படும் எண்களும் 88 முதல் 108 வரையே.