பாட்டே இல்லாம ஒரு த்ரில்லர்: யார் இந்த வீணை பாலசந்தர்?

நெல்லை டவுணில் செகண்ட் ஷோ விட்டு வரும் கூட்டம் ரத வீதி டீக்கடையில் ஒதுங்கினால், ஒரு கிளாஸ் டீ முடிவதற்குள் படத்துக்குத் தீர்ப்பு எழுதிடும். செம்ம, இல்லைன்னா மொக்கை. நடுவுல எதுவும் கிடையாது. எல்லா ஊரிலும் இதே கதைதான், எல்லாக் காலத்திலும். 1954-ல் அப்படி ஒரு தீர்ப்பில் அடிவாங்கிய படம் ‘அந்த நாள்’. இன்னைக்கு யாராவது பழைய தமிழ் த்ரில்லர் சொல்லுங்கன்னு கேட்டா முதலில் வரும் பெயரும் அதுதான்.

அதை இயக்கியவர் எஸ்.பாலசந்தர். ‘எதிர்நீச்சல்’ எடுத்த கே.பாலசந்தர் இல்லைங்க, அவர் வேற. இந்தக் குழப்பத்தாலேயே இவரை ‘வீணை பாலசந்தர்’ என்று சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது.

1927 ஜனவரி 18 அன்று சென்னையில் பிறந்தவர். 1934-ல் ‘சீதா கல்யாணம்’ படத்தில் குடும்பமே நடித்தது. அப்பா ஜனகர், அண்ணன் எஸ்.ராஜம் ராமர், சகோதரி ஜெயலட்சுமி சீதை. ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் பொடியன்தான் பாலசந்தர். அண்ணன் தங்கையை ராமர், சீதையாக நடிக்க வைத்ததற்கு அப்போதே முகம் சுளித்தவர்கள் உண்டு.

வீணைக்கு இவருக்கு குரு கிடையாது, தானே கற்றது. சினிமாவிலும் அதே துணிச்சல். நடிப்பு, இசை, இயக்கம் என எல்லாத்திலும் கை வைத்தார். 1948-ல் ‘இது நிஜமா’ படத்தில் இரட்டை வேடம். 1951-ல் ‘கைதி’ என்று ஒரு படம் இயக்கினார். ஆமா, கார்த்தி படத்துக்குப் பல வருஷம் முன்னாடியே அந்தத் தலைப்பு வந்தாச்சு.

1952-ல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தது. அதில் அகிரா குரோசவாவின் ‘ரஷோமோன்’ பார்த்த பாலசந்தர், அதே பாணியில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார். வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அந்தக் கதைதான் ஏவி.மெய்யப்ப செட்டியாரிடம் போனது. வேறொரு நடிகரை வைத்து எடுத்த காட்சிகள் செட்டியாருக்குப் பிடிக்கவில்லை. சிவாஜியை வைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். பாலசந்தருக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் எடுத்தார்.

கதை என்ன? இரண்டாம் உலகப்போர் நேரம். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட மறுநாள், ரேடியோ இன்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருஷத்தில் சிவாஜிக்கு இப்படி ஒரு வேடம்: படம் தொடங்கியதுமே பிணம், அதுவும் தேசத்துரோகி. விசாரணையில் ஒவ்வொருவரும் இன்னொருவர் மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார்கள். ‘ரஷோமோன்’ கடைசிவரை உண்மையைச் சொல்லாது. இவர் சொல்லிவிடுகிறார். (யார் கொலையாளி என்று இங்கே சொல்லப்போவதில்லை. படத்தைப் பாருங்க.)

பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, சண்டை இல்லை. ஒரு படத்துக்குப் பத்துப் பாட்டாவது கேட்டுப் பழகிய ரசிகர்களுக்கு இது காசை ஏமாத்துற வேலையாகத் தெரிந்தது. தியேட்டர்களில் சத்தம் போட்டார்கள். படம் ஓடலை. இத்தனைக்கும் பாட்டு வேண்டாம்னு முடிவு செய்தவர் ஒரு சங்கீதக்காரர்! தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் படத்தின் மதிப்பு பேசப்பட்டது.

அப்புறமும் அவர் திருந்தவில்லை, நல்லவேளை! ‘அவனா இவன்’ (1962) எடுத்தார். ‘பொம்மை’யில் (1964) டைம் பாம் வைத்த ஒரு பொம்மை, கொல்ல நினைத்த ஆளிடம் போகாமல் கைமாறிக்கொண்டே இருக்கும். அது எப்போ வெடிக்கும், யார் கையில் வெடிக்கும்? பாம் இருப்பது நமக்குத் தெரியும், தூக்கிட்டுப் போறவங்களுக்குத் தெரியாது. படம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் ஓடுகிறது. இன்றைய கண்ணுக்கு நடுவில் கொஞ்சம் இழுவைதான். ஆனால் கடைசியில் கேமராவுக்குப் பின்னால் வேலை செய்தவர்களைத் திரையில் கொண்டுவந்து அறிமுகப்படுத்தினார் பாருங்க, அது யாருக்குத் தோணும்? கே.ஜே.யேசுதாஸ் தமிழ் சினிமாவுக்கு வந்ததும் இந்தப் படத்தில்தான்.

கடைசிப் படம் ‘நடு இரவில்’ (1970). தீவு பங்களா, கூடிய உறவினர்கள், ஒவ்வொருவராகச் சாவு. அகதா கிறிஸ்டி படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

அதோடு சினிமாவை விட்டுவிட்டு முழுநேரமும் வீணையோடு இருந்தார். 72 மேளகர்த்தா ராகங்களையும் பதிவு செய்தார். 1982-ல் பத்மபூஷண் கிடைத்தது. ஆனால் துப்பறியும் புத்தி மட்டும் போகலை. சுவாதித் திருநாள் பெயரில் உள்ள கீர்த்தனைகள் நிஜமாவே அவர் இயற்றியவையா என்று கிளப்பினார். புது ராகங்கள் உருவாக்கியதாகச் சொன்ன பாலமுரளிகிருஷ்ணாவோடும் மோதினார். சங்கீத உலகில் பலருக்கு இவர்மேல் கோபம் இருந்தது. கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1990 ஏப்ரல் 13 அன்று பிலாயில் மாரடைப்பில் இறந்தார். வயது 63. ‘அந்த நாள்’ தியேட்டருக்கு வந்ததும் ஒரு ஏப்ரல் 13-ல்தான், 36 வருஷம் முன்பு.