சட்டங்களை ஒப்புநோக்கிய மான்டெஸ்கியூ

பிரெஞ்சு தேசத்துப் போர்தோ நகருக்கு அருகே, லா பிரேது என்னும் கோட்டையில், 1689ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் பிறந்தவர் மான்டெஸ்கியூ. குலத்தால் பிரபு. ஆயினும் குழந்தைக்கு ஞானத்தந்தையாக ஓர் இரவலனையே நிறுத்தினராம் பெற்றோர். ஏழைகள் தன் உடன்பிறந்தார் என்பதை அவன் மறத்தலாகாது என்பது அவர்கள் எண்ணம்.

சட்டம் பயின்ற அவருக்கு 1716இல், தந்தையுடன் பிறந்தார் ஒருவரின் மறைவால், போர்தோ உயர்நீதிமன்றத் தலைவர்களுள் ஒருவராகும் பதவி கிட்டியது. அந்நாளில் அந்நாட்டில் நீதிபதியின் நாற்காலி, வீடும் நிலமும் போல விற்கவும் வாங்கவும் உரிய பொருளாயிருந்தது. விந்தைதான்! 1726இல் அவரும் அதனை விற்றுவிட்டு, 1728 முதல் 1731 வரை ஆஸ்திரியா, ஹங்கேரி, இத்தாலி, ஜெர்மனி, ஹாலந்து ஆகிய நாடுகளைச் சுற்றினார். இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழப் பதினெட்டு மாதம் தங்கினார்.

கண்ணொளி குன்றியபோதும் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு அவர் எழுதி முடித்த பெருநூல், 'சட்டங்களின் ஆன்மா' என்னும் பொருள்படும் பெயருடன், 1748இல் ஜெனீவா நகரில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. ஆட்சியதிகாரம் மூன்றாகப் பிரிந்து நிற்கவேண்டும் என்னும் அவர் கொள்கையை அன்பர்கள் அறிவர். யாம் இங்குச் சொல்லப் புகுந்தது வேறு.

பொய்ச்சாட்சி கூறுவோனுக்குப் பிரான்சில் அன்று மரணதண்டனை, இங்கிலாந்தில் அவ்வாறில்லை. இவற்றுள் எது நல்ல சட்டம்? இவ்விரண்டை மட்டும் எடுத்து நிறுத்தல் தகாது என்றார் அவர். பிரான்சில் குற்றஞ்சாட்டப்பட்டவனைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்குவர். தன் பக்கத்துச் சாட்சிகளை நிறுத்த அவனுக்கு வழியில்லை. ஆகவே எதிர்ச்சாட்சியின் ஒரு சொல்லே அவன் உயிரைப் போக்கிவிடும்; அச்சாட்சியைக் கடுந்தண்டனையால் அச்சுறுத்தாமல் முடியாது. இங்கிலாந்திலோ சித்திரவதை இல்லை; இருதரப்புச் சாட்சிகளையும் கேட்பர்; ஒருவன் பொய்யை மற்றொருவன் மறுக்கலாம். அங்கு அத்துணைக் கடுமை வேண்டுவதில்லை. ஒரு தறியின் பற்சக்கரத்தை வேறொரு தறியின் சக்கரத்தோடு அளந்து பார்த்து எது சிறந்தது என்பார் உண்டோ? ஆலையில் வேலை செய்தார்க்கு இது எளிதில் விளங்கும். சட்டத்தையும் முழுமையாக வைத்தே ஒப்பிடவேண்டும் என்று காட்டினார். சித்திரவதையின்றியே இங்கிலாந்தில் நீதி நடப்பதால், அஃது இன்றியமையாததன்று என்றும் துணிந்து எழுதினார்.

எனினும், வெப்ப நாட்டார் சோம்பலுடையார், அச்சோம்பலினின்றே புத்தர் போதனை பிறந்தது என்று அந்நூலில் அவர் எழுதியதை யாம் ஒப்புக்கொள்ள இயலாது. நாற்பத்தைந்து ஆண்டு ஊர் ஊராக நடந்து அறம் உரைத்தவரையா சோம்பலின் ஆசான் என்பது? இந்நாட்டில் காலடி வையாது, பயணிகளின் குறிப்புகளை நம்பியதன் விளைவு இது. இங்கிலாந்தை நேரில் கண்டு எழுதிய பகுதியையும் இதனையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு வேற்றுமை புலப்படும்.

1751இல் உரோமாபுரித் திருச்சபை அந்நூலை விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலிற் சேர்த்தது. 1755 பிப்ரவரி 10ஆம் நாள் மான்டெஸ்கியூ பாரிஸில் காலமானார். வாக்குமூலம் பெறச் சித்திரவதை செய்யும் வழக்கத்தைப் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி 1780இல் நீக்கினார்.