எண்பது பவுன் உபகாரச் சம்பளம்

ஸ்ரீ அரவிந்த கோஷ் என்றதும் அலிப்பூர்ச் சிறையையும் புதுச்சேரி ஆசிரமத்தையும் நினையாத தமிழர் அரியர். வந்தே மாதரம் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரைகளை நம் முன்னோர் தேடித் தேடிப் படித்தனர். ஆயினும் இவற்றுக்கெல்லாம் வெகு காலம் முன்பு, 1889-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், பதினேழு வயதுப் பள்ளி மாணவராக அவர் கேம்பிரிட்ஜில் எழுதிய ஒரு பரீட்சையைப் பற்றி நம்மவர் அதிகமாகப் பேசுவதில்லை. வயிறாரச் சாப்பிட வழியற்ற ஒரு பிள்ளை, கலாசாலைப் படிப்பை வேறெவ்விதத்திலும் பெற முடியாத நிலையில், தன் பேனாவை மாத்திரம் நம்பிச் சென்ற பரீட்சை அது.

அரவிந்தர் 1872-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை டாக்டர் கிருஷ்ண தன கோஷ் ஸ்காட்லாந்தில் அபர்டீன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று வந்தவர். ஆங்கிலேயரின் நடையுடை பாவனைகளில் அவருக்கிருந்த மோகத்துக்கு எல்லையே இல்லை. மூன்று புதல்வர்களையும் ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தர்களாக்கி விடவேண்டுமென்று உறுதிகொண்டு, 1879-இல் அவர்களைச் சீமைக்கு அழைத்துச் சென்று மான்செஸ்டர் நகரத்தில் டுரூயெட் என்ற பாதிரியாரின் வீட்டில் விட்டார். பிள்ளைகள் எந்த இந்தியனுடனும் பழகலாகாது, இந்தியச் செல்வாக்கு எதுவும் அவர்களை அண்டலாகாது என்பது அவர் இட்ட கட்டளை. ஏழு வயதுச் சிறுவருக்குத் தாய்மொழி கூடத் தெரியாது. தம் மக்களை அந்நியராக்கவே முயன்ற அந்தத் தந்தையின் வீட்டில் பிறந்த பிள்ளையே பிற்காலத்தில் பூரண சுதந்திரத்தைப் பறைசாற்றிய முதல்வர்களில் ஒருவரானார் என்பது விதியின் விளையாட்டு.

பாதிரியார் லத்தீன் பாஷையில் தேர்ந்தவர். அவரிடம் பெற்ற அஸ்திவாரத்துடன் 1884-இல் அரவிந்தர் லண்டனில் ஸெயின்ட் பால் பள்ளியில் சேர்ந்தார். தலைமையாசிரியர் டாக்டர் வாக்கர், பையனுடைய புத்திக் கூர்மையைக் கண்டு, தாமே முன்னின்று கிரேக்க பாஷையைக் கற்பித்து மேல் வகுப்புகளுக்கு ஏற்றிவிட்டார். கடைசி வருஷங்களில் அரவிந்தர் பாடப் புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டு ஆங்கிலக் கவிதை, பிரெஞ்சு இலக்கியம், ஐரோப்பிய சரித்திரம் என்று மனம் போனபடி வாசித்தார். ஆசிரியர்களோ, நல்ல அறிவைச் சோம்பலினால் பாழாக்குகிறான் என்று குறைப்பட்டுக்கொண்டனர்.

அப்போது அவர் வாழ்ந்த வாழ்க்கை அந்த ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ! டாக்டர் கோஷ் தர்ம சிந்தை மிகுந்தவர். தம் ஜில்லாவில் ஏழை எளியவர்களுக்கு வாரிக் கொடுத்த அந்தக் கை, சீமையிலிருந்த சொந்த மக்களுக்குப் பணம் அனுப்புவதில் தளர்ந்தது. பணம் முதலில் தாமதித்து வந்தது; பிறகு அநேகமாக நின்றே போயிற்று. பாதிரியாரின் தாயாருடன் வசித்து வந்த சகோதரர்கள், அந்த அம்மையார் மத விவாதமொன்றில் மனம் நொந்து பிரிந்து சென்றபின், தங்குவதற்கும் இடமின்றித் தவித்தனர். மூத்தவரான பினயபூஷணருக்குத் தென் கென்ஸிங்டன் லிபரல் கிளப்பில் வாரம் ஐந்து ஷில்லிங் சம்பளத்தில் ஒரு சிறு வேலை கிடைத்தது. கிளப்பின் காரியதரிசி ஜேம்ஸ் காட்டன், இந்தியாவின் நண்பரென்று பெயர் பெற்ற ஸர் ஹென்ரி காட்டனின் சகோதரர். அந்தக் கிளப்புக் கட்டடத்திலேயே அவர்கள் ஒதுங்கினர். காலையில் ரொட்டித் துண்டும் வெண்ணெயும் ஒரு கோப்பைத் தேநீரும். மாலையில் ஒரு பென்னிக்கு விற்கும் இறைச்சிப் பண்டம். ஒரு வருஷ காலம் இவையே ஆகாரம். லண்டன் பனிக்காலத்தில் கணப்புமில்லை, மேலங்கியுமில்லை. பரீட்சைக்குப் படித்த பையனின் நிலைமை இது.

சீமைச் சர்வகலாசாலைகளில் அக்காலத்தில் உபகாரச் சம்பளம் அளித்துவந்த முறையை நேயர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஒவ்வொரு கலாசாலையும் தனக்கென்று மூலதனமும் நிலபுலன்களும் உடையது. பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயிலுள்ள மாணவர்களை வரவழைத்து, போட்டிப் பரீட்சை நடத்தி, முதன்மையாகத் தேறிய சிலருக்கு வருஷந்தோறும் ஒரு தொகையைக் கலாசாலையே அந்நாளில் கொடுத்து வந்தது. பழைய இலக்கியப் பிரிவிலோ, முன்பின் பார்த்திராத லத்தீன், கிரேக்கப் பகுதிகளைக் கொடுத்து ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தைக் கொடுத்து அந்தப் பாஷைகளில் வசனமும் செய்யுளும் இயற்றச் சொன்னார்கள். உருப்போட்டுத் தப்பிக்க இடமிருக்கவில்லை. செல்வந்தர் பிள்ளைகளுக்கு அது ஒரு கௌரவம். ஏழைகளுக்கோ அதுவே வாசற்கதவு. அரவிந்தர் நாடிய கிங்ஸ் கலாசாலை 1441-இல் ஆறாம் ஹென்ரி அரசர் ஸ்தாபித்தது. ஈட்டன் பள்ளிப் பிள்ளைகளைத் தவிர வேறெவரும் அதனுள் நுழையலாகாது என்ற விதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்திய காலம்வரை அங்கே நிலவியது. பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளின் கோட்டையாயிருந்த அவ்விடத்திற்குத்தான் வங்காளத்துப் பையன் சென்றார்.

பலன் வெளியானபோது அவர் பெயர் முதலில் நின்றது. வருஷத்துக்கு எண்பது பவுன் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரை பரீட்சகர்களை வியப்பிலாழ்த்தியது. கேம்பிரிட்ஜில் புகழ்பெற்று விளங்கிய ஆஸ்கர் பிரௌனிங், தாம் பதின்மூன்று பரீட்சைகளில் விடைத்தாள்களைத் திருத்தியிருந்தும் இவ்வளவு சிறந்த விடைகளைக் கண்டதில்லையென்று அரவிந்தரிடமே பின்னர் சொன்னார். இச்செய்தியை அரவிந்தர் தந்தைக்கு எழுதினார்.

எண்பது பவுன் என்பது அக்காலத்து நாணய மாற்றுப்படி ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். பினயபூஷணர் கிளப்பில் உழைத்துப் பெற்றதோ வருஷத்துக்குப் பதின்மூன்று பவுன்தான். ஒரு பரீட்சையில் தம்பி சம்பாதித்தது அண்ணனுடைய ஆறு வருஷச் சம்பளத்தையும் மிஞ்சியது. அதையும் அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. சகோதரர்களின் ஜீவனத்துக்கும் அதிலிருந்தே கொடுத்து வந்தார்.

1890-இல் ஐ.ஸி.எஸ். போட்டிப் பரீட்சையிலும் பதினோராவதாகத் தேறினார். கிரேக்கத்தில் முதலிடம் அவருடையதே. அவ்வருஷம் அக்டோபர் முதல் கேம்பிரிட்ஜ் வாசம். 1892-இல் பழைய இலக்கிய டிரைபாஸ் பரீட்சையின் முதற் பகுதியில் முதல் வகுப்பில் தேறினார். கலாசாலை தன் பங்கைச் செய்தது. மாணவரும் தம் பங்கைக் குறைவறச் செலுத்தினார். இதற்கிடையில் தந்தையின் மனமும் மாறிவந்தது. இந்தியரை ஆங்கிலேயர் அவமதித்த செய்திகளைப் பத்திரிகையில் கோடிட்டு மகனுக்கு அனுப்பிவந்தவர் அதே டாக்டர் கோஷ்தான். கேம்பிரிட்ஜ் இந்திய மஜ்லிஸில் அரவிந்தர் காரசாரமாகப் பேசத் தொடங்கினார்.

பிறகு வந்தது குதிரைப் பரீட்சை. ஐ.ஸி.எஸ். ஆக விரும்பியோர் குதிரையேற்றத்திலும் தேற வேண்டியிருந்தது. பலமுறை தவணை கொடுத்தும் அரவிந்தர் போகவில்லை. கடைசித் தவணையன்று லண்டன் வீதிகளில் சுற்றிப் பொழுதைக் கழித்துவிட்டு, நேரம் கடந்துவிட்டதென்று வீடு திரும்பினார். அவர் மனமறிந்தே அவ்விதம் செய்தார். அடிமை உத்தியோகத்தில் அவருக்கு ஆசையில்லை. ஜேம்ஸ் காட்டனும், கிங்ஸ் கலாசாலையைச் சேர்ந்த புரோதெரோவும் அவருக்காகப் பரிந்து பேசினர். சவாரி பழகப் பணமில்லாத வறுமையையும், கடைக்காரர் கடனுக்காகப் பையன் கோர்ட்டு ஏறாதபடி தந்தையிடம் எழுதிப் பணம் வருவித்ததையும் புரோதெரோ எடுத்துச் சொன்னார். இந்தியா மந்திரி கிம்பர்லி பிரபு இணங்கவில்லை. கிரேக்கத்தில் முதல்வனென்று கண்ட பரீட்சையைக் குதிரை மேல் ஏற்றித் தள்ளிவிட்டது ஸர்க்கார். தேசத்துக்கு அதனால் நஷ்டமொன்றுமில்லை என்பது நம் கட்சி.

பரோடா மகாராஜா ஸயாஜி ராவ் அப்போது லண்டனில் இருந்தார். மாதம் இருநூறு ரூபாய் சம்பளத்தில் அவரிடம் உத்தியோகம் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்காமலே அரவிந்தர் கப்பலேறி, 1893 பிப்ரவரியில் பம்பாய் சேர்ந்தார். மகன் வரும் கப்பல் மூழ்கிவிட்டதென்ற தவறான செய்தி கேட்டு, அதற்கு முன்பே தந்தை உயிர் நீத்திருந்தார். மகனுடைய வெற்றிகளுக்காகக் காத்திருந்தவர் மகனைக் காணவில்லை.

உபகாரச் சம்பளம் என்ற சொல் அரவிந்தரின் சரித்திரத்தில் இன்னுமொரு முறை வருகிறது. 1905-இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது மாணவர்கள் சுதேசி இயக்கத்தில் குதித்தனர். அவ்வருஷமே கார்லைல் சுற்றறிக்கை பிறந்தது. மாணவர்களை அடக்கத் தவறும் பள்ளிகளுக்கு ஸர்க்கார் நன்கொடையும் உபகாரச் சம்பள உரிமையும் போய்விடும் என்பது அதன் மிரட்டல். திறமைக்காகக் கொடுக்கும் பணம் ஒன்று. வாயை மூடுவதற்காகக் கொடுக்கும் பணம் வேறொன்று. முதலாவதைக் கேம்பிரிட்ஜில் உண்டு வளர்ந்தவருக்கு இரண்டாவதன் கயிறு கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? அந்தக் கயிறு எட்டாத இடமாக வங்காளத் தலைவர்கள் அமைத்த தேசீயக் கலாசாலை 1906 ஆகஸ்டு 15-ந் தேதி கல்கத்தாவில் திறக்கப்பட்டது. பரோடா உத்தியோகத்தைத் துறந்து, அதிலும் மிகக் குறைந்த சம்பளத்துக்கு அதன் பிரின்ஸிபாலாக வந்தமர்ந்தவர் அரவிந்தர்.

1908 மே மாதத்தில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அவரைக் கைது செய்தனர். ஒரு வருஷ காலம் சிறை. வழக்கை விசாரித்த செஷன்ஸ் ஜட்ஜ் ஸி. பி. பீச்கிராப்ட், 1890-ஆம் வருஷத்து ஐ.ஸி.எஸ். போட்டியில் அவருடன் அமர்ந்து எழுதி, கிரேக்கத்தில் அவருக்கு அடுத்ததாக இரண்டாமிடம் பெற்றவர். முதலிடம் பெற்றவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். இரண்டாமிடத்தார் நியாயாசனத்தில் வீற்றிருந்தார். சாட்சியங்கள் போதாவென்று கண்டு, 1909 மே 6-ந் தேதி பீச்கிராப்ட் அவரை விடுதலை செய்தார்.