கடிகாரம் காட்டிய பஸ்!

சேந்தமங்கலத்துக்காரர்களுக்கு மோட்டார் புதிதல்ல. ஒரு பக்கம் கொல்லிமலை. அதன் பாதையிலே 70 கொண்டை ஊசி வளைவுகள். மறுபக்கம் நாமக்கல், லாரிக்குப் பாடி கட்டுவதில் நாடெங்கும் பெயர் பெற்ற ஊர்.

வண்டி ஓட்டுவது பெரிதல்ல. சொன்ன நேரத்துக்கு ஓட்டுவதுதான் பெரிது. அதைச் செய்து காட்டியவர் மதுரையில் இருந்தார். அவர்தான் டி.வி.சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தும் அவர் பெயரே!

உத்தியோகத்தை உதறினார்

1877-ஆம் ஆண்டு நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். முதலில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரெயில்வேயில் வேலை. அதன் பிறகு பாங்கியில் வேலை.

மாதம் பிறந்தால் சம்பளம் வரும். ஆனாலும் அவர் மனம் சொந்தத் தொழிலை நாடியது. உத்தியோகத்தை விட்டார். 1911-இல் மதுரையில் கம்பெனி தொடங்கினார். 1912-இல் பஸ் விட்டார்.

ஆள் சேர்ந்தால்தான் பஸ்!

அந்தக் காலத்துப் பஸ்கள் பல, ஆள் நிறைந்தால்தான் நகரும். அதுவரை பிரயாணிகள் வெயிலில் காய வேண்டியதுதான். கோர்ட்டுக்குப் போகிறவருக்கு வாய்தா தவறும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறவர் பாடு திண்டாட்டம்.

காலி இடத்தோடு புறப்பட்டால் அன்றைக்கு நஷ்டம். காத்திருந்து ஆள் ஏற்றினால் லாபம். ஆனால் ஜனங்களின் நம்பிக்கை போய்விடும். சுந்தரம் ஐயங்கார் நம்பிக்கையைத் தேர்ந்தெடுத்தார். குறித்த நேரத்தில் பஸ் வந்தது. குறித்த நேரத்தில் புறப்பட்டது.

டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்களாம்! மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இதைப் பெருமையோடு சொல்வார்கள்.

ஆணி பொறுக்கிய காந்தம்

நேரம் தவறாமல் ஓட்டுவது லேசா? அக்காலத்துச் சாலையில் மாட்டு வண்டிகளே அதிகம். மாட்டின் லாடத்திலிருந்து ஆணி உதிர்ந்து கிடக்கும். டயரில் குத்தினால் பஸ் நின்றுவிடும். இதற்காகக் காந்தம் கட்டிய வண்டியை ஓடவிட்டு, ஆணிகளை அவர் அகற்றினார் என்று சொல்வார்கள்.

பிறகு இரண்டாவது உலகப் போர் வந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. அவர் கலங்கவில்லை. கரியை எரித்து, அந்த வாயுவால் மோட்டாரை ஓட்டும் கருவியைத் தயாரித்தார்.

1955-இல் கொடைக்கானலில் அவர் காலமானார். 1972-இல் மதுரையில் அரசாங்கத்தின் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது, டி.வி.எஸ். பஸ்கள் அதன் கைக்குப் போயின. பஸ் போனது, பெயர் போகவில்லை!

எது மனதில் நிற்கும்?

பஸ்ஸில் ஏறி இறங்குவதில் என்ன அதிசயம்? பாட்டு உண்டா, கூத்து உண்டா? ஒன்றுமில்லை. இருந்தும் ஜனங்கள் மறக்கவில்லை. ஏன்? பிறர் நேரத்தையும் அவர் பணம் போல மதித்தார்.

சொன்ன நாளில் சட்டையைத் தைத்துக் கொடுக்கும் தையற்காரரை நாம் மறப்போமா? அளவு குறையாமல் எண்ணெய் ஊற்றும் கடைக்காரரை மறப்போமா? தொழில் எதுவானாலும் சரி, சொன்ன சொல் தவறாதவரைத் தேடி ஜனங்கள் மறுபடியும் வருவார்கள்.