வைத்தியத்தைத் தமிழில் கற்பித்த கிறீன்

பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் பட்டம் படிக்க விரும்பும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822ல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர், 1847ல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு மாணவர்களுக்கு வைத்தியமும் கற்பித்தார். ஆரம்பத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடிப் போனால் கிராமங்களை யார் பார்ப்பது என்று யோசித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, பிரசவம், இரணவைத்தியம், இரசாயனம் ஆகிய துறை நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். இல்லாத கலைச்சொற்களை ஆக்கினார். அவரிடம் படித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் வைத்தியரானார்கள். 1873ல் தாயகம் திரும்பி, 1884ல் காலமானார்.

அவர் தம் மதத்தைப் பரப்பவும் வந்தவர். அதை மறைக்கத் தேவையில்லை. நல்லறிவு எவரிடம் இருந்தாலும் எடுத்துக்கொள்வது முஸ்லிம்களின் பண்பு.

இன்று முதுமாணி ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. ஆனால் கிணற்று நீரைக் கொதிக்க வைப்பதும், நுளம்பு பெருகும் சிரட்டையைக் கவிழ்ப்பதும் மண்கும்பானில் ஒரு தாயின் கையில்தான் இருக்கிறது. அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லாத படிப்பு பாதிப் படிப்பே. மீதிப் பாதியையும் நம் பிள்ளைகள் நிறைவேற்றுவார்கள், இன்ஷா அல்லாஹ்.