கதிரவனைப் பணிகொண்ட ஆசிரியர்

நீராவிப் பொறிகள் ஐரோப்பாவெங்கும் நிலக்கரியை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. மண்ணின் அடியில் கிடக்கும் கரி எடுக்க எடுக்கக் குறையுமேயன்றி வளராது. அது தீர்ந்தபின் தொழில்கள் என்னாகும் என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் அகுஸ்தன் மூஷோ என்னும் பிரெஞ்சுப் பள்ளியாசிரியர்.

மூஷோ 1825 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் பிரான்சு நாட்டில் செமூர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யும் தொழிலாளர். கணக்குப் பாடம் கற்பிக்கும் ஆசிரியராய்ப் பணியாற்றிய மூஷோ, 1860 ஆம் ஆண்டளவில் கதிரவனின் வெப்பத்தை ஆராயத் தொடங்கினார்.

அவர் அமைத்த கருவி எளியது. செம்பினாலாகிய கொதிகலனுக்குக் கருமை பூசி, அதன்மேல் கண்ணாடிக் கூடு கவித்தார். கருமை வெயிலை ஏற்றது; கண்ணாடி, உட்புகுந்த வெப்பத்தை வெளியேறவிடாது காத்தது. புனல் போன்ற பெரிய உலோக ஆடி, பரந்து விழும் கதிர்களைத் திரட்டிக் கொதிகலன்மீது பாய்ச்சியது. நீர் கொதித்தது, நீராவி பொறியை இயக்கியது. தம் ஆராய்ச்சியின் பயனை 1869 ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். பின்னர் அரசினர் உதவியுடன் வெயில் மிகுந்த அல்ஜீரியாவுக்குச் சென்று ஆய்வைத் தொடர்ந்தார்.

1878 ஆம் ஆண்டு பாரிசு நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. ஆங்கு மூஷோவின் கருவி நீரை இறைத்தது, உணவு சமைத்தது, குளிராக்கும் பொறியோடு இணைந்து பனிக்கட்டியையும் தந்தது. சுடும் வெயில் பனிக்கட்டியை ஈன்றமை கண்டு மக்கள் வியந்தனர். பொற்பதக்கம் அவரைத் தேடி வந்தது.

எனினும், புகழ் நிலைக்கவில்லை. நிலக்கரியின் விலை குறைந்தது. கதிரவன் கருவிக்கு ஆகும் செலவு மிகுதி என்று அரசு கருதி உதவியை நிறுத்தியது. மூஷோ மீண்டும் கணக்கையே துணைக்கொண்டார். முதுமையில் வறுமை அவரை வாட்டியது. 1912 ஆம் ஆண்டு அக்டோபர் 4 ஆம் நாள் பாரிசில் அவர் காலமானார்.

1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார், ஒளியை நேரே மின்சாரமாக்கும் சிலிக்கன் மின்கலத்தை வெளியிட்டனர். இன்று வீட்டுக் கூரைகளில் காணும் தகடுகள் அதன் வழிவந்தவை. பொது மின்கம்பியோடு மட்டும் இணைந்த தகடுகள், மின்தடை நேருங்கால் தாமும் நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்கும் தொழிலாளரின் உயிரைக் காக்கவே இவ்வேற்பாடு. வீட்டைப் பொதுக் கம்பியினின்று பிரிக்கும் கருவியும், மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கல அடுக்கும் உடையோர் வீட்டிலோ, ஊர் இருளில் ஆழ்ந்தபோதும் விளக்கெரியும்.

பகலிற் கிடைப்பதைச் சேமித்து, இல்லாத வேளைக்கு உதவச் செய்வதே அறிவுடைமை. கரி மலிந்த நாளிலேயே அது தீரும் நாளை எண்ணிய மூஷோவின் வாழ்வு நமக்குக் கற்பிப்பதும் அதுவே.